பாட்டுக்கு வழி சொன்ன கொள்ளைக்கார ஊர்

கரீபியக் கடலில் ஸ்காப் என்று ஒரு தீவு. அட்லஸைப் புரட்டித் தேட வேண்டாம், கிடைக்காது. கதைக்காகக் கட்டிய தீவு அது. அந்தத் தீவில் வுட்டிக் என்று ஓர் ஊர். ஊர் என்றதும் தெரு, வீடு, திண்ணை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். தரைதட்டி, ஓட்டை விழுந்து, இனிமேல் மிதக்காது என்று கைவிட்ட கப்பல்கள்தான் அங்கே கட்டடங்கள். ஒரு கப்பலில் மதுக்கடை, ஒன்றில் சத்திரம், ஒன்றில் சலவைக்கடை, ஒன்றில் தச்சுப்பட்டறை, இன்னொன்றில் வரைபடம் வரைகிற வாலி என்ற மனிதர். கப்பலுக்குக் கப்பல் போக மரப்பலகைகள்.

இந்த ஊருக்குள் ஒரு தாடிக்கார இளைஞன் நுழைகிறான். பெயர் கைபிரஷ் த்ரீப்வுட். தன்னை மாபெரும் கடற்கொள்ளையன் என்று சொல்லிக்கொள்வான். பார்க்கிறவர்கள் யாரும் நம்ப மாட்டார்கள். முன்பு லெச்சக் என்ற பேய்க் கொள்ளையனைத் தோற்கடித்தவன் இவன் என்பது உண்மைதான். ஆனால் அதையே ஊர் ஊராகச் சொல்லிச் சொல்லி, கேட்டவர்களுக்குக் காது புளித்துவிட்டது. பாலத்தில் கால் வைத்ததுமே லார்கோ என்ற குட்டை ரவுடி ஒருவன் வந்து, கைபிரஷ் வைத்திருந்த பணம் அத்தனையையும் பறித்துக்கொண்டு போய்விடுகிறான். போதாததற்கு, தன் அனுமதி இல்லாமல் தீவைவிட்டு எவனும் கப்பல் ஏறக் கூடாது என்று தடை வேறு.

1991இல் அமெரிக்காவின் லூகாஸ்ஆர்ட்ஸ் நிறுவனம் வெளியிட்ட ‘மங்கி ஐலேண்ட் 2: லெச்சக்ஸ் ரிவெஞ்ச்’ என்ற கணினி விளையாட்டு இப்படித்தான் தொடங்குகிறது. 1990இல் வந்த முதல் பாகத்தில் பேயாக அலைந்த லெச்சக், இந்த இரண்டாம் பாகத்தில் அழுகிய பிணமாக எழுந்து பழிவாங்க வருகிறான். ரான் கில்பர்ட் தலைமையில் டிம் ஷேஃபரும் டேவ் கிராஸ்மனும் சேர்ந்து எழுதிய கதை. இதில் ஓட வேண்டாம், குதிக்க வேண்டாம், யாரையும் சுட வேண்டாம். மவுஸால் ஓர் இடத்தைக் காட்டிக் கிளிக் செய்தால் கைபிரஷ் அங்கே நடந்து போவான். ஒரு சொல்லையும் ஒரு பொருளையும் கிளிக் செய்தால் அதை எடுப்பான், திறப்பான், பேசுவான். மீதி வேலையெல்லாம் உங்கள் மூளைக்கு.

சிரிப்பு விளையாட்டுக்கு அறிவியல் பக்கத்தில் என்ன வேலை என்று கேட்கிறீர்களா? வாருங்கள், அந்த மதுக்கடைக் கப்பலுக்குள் நுழைந்துவிட்டு உடனே வெளியே வருவோம். குடிக்கவா? இல்லை, காது கொடுத்துக் கேட்க.

ஊருக்குப் பொதுவாக ஒரு மெட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. கதவைத் திறந்து உள்ளே போகிறோம். பழைய மெட்டு பட்டென்று அறுந்துபோகவில்லை. ஓடிக்கொண்டிருந்த அடி முடிகிறது. அதிலிருந்தே கிளை பிரிந்ததுபோல் அந்தக் கடைக்கென்று இன்னொரு மெட்டு கிளம்புகிறது. தாளம் தப்பவில்லை. வெளியே வருகிறோம். கடை மெட்டு தன்னை ஒரு மாதிரி முடித்துக்கொண்டு ஊர் மெட்டோடு மறுபடி கலக்கிறது. தச்சுப்பட்டறைக்குள் போனால் அங்கே வேறு. சத்திரத்தில் வேறு. எந்த நேரத்தில் நுழைந்தாலும், எந்த நேரத்தில் வெளியே வந்தாலும் இசை தடுக்கி விழுவதே இல்லை.

இதில் என்ன அதிசயம்? யோசித்துப் பாருங்கள். சினிமாவில் கதாநாயகன் எத்தனையாவது நொடியில் கதவைத் திறப்பான் என்று இசையமைப்பாளருக்கு முன்கூட்டியே தெரியும். படத்தைப் போட்டுப் பார்த்துத்தானே இசை அமைக்கிறார். விளையாட்டில் கதவைத் திறக்கப்போவது நீங்கள். இரண்டு நொடியில் திறப்பீர்களா, அரை மணி நேரம் பாலத்தில் நின்றுகொண்டிருப்பீர்களா, யாருக்குத் தெரியும்?

கல்யாண வீட்டில் இதே சிக்கல் உண்டு. தாலி கட்டும் நொடி எது என்று நாதஸ்வரக்காரருக்கு முன்கூட்டித் தெரியாது. அவர் பாட்டுக்கு ஒரு ராகத்தில் இருப்பார். பெரியவர் ஒருவர் விரலை ஆட்டி “கெட்டி மேளம்!” என்பார். அவ்வளவுதான், வாசித்துக்கொண்டிருந்ததைச் சட்டென்று திருப்பி, தவிலும் நாதஸ்வரமும் முழங்கும். கண் மணமேடை மேலேயே இருப்பதால் அவர்களால் முடிகிறது. கணினிக்கு அந்தக் கண்ணை எப்படிக் கொடுப்பது?

முதல் பாகத்துக்கு இசை அமைத்த மைக்கேல் லேண்டுக்கு இந்தக் குறை உறுத்திக்கொண்டே இருந்தது. காட்சி மாறினால் பாட்டு பாதியில் வெட்டுப்படும். அடுத்தது முதலிலிருந்து தொடங்கும். பீட்டர் மெக்கானல் என்பவரோடு சேர்ந்து அவர் ஒரு புது இசை இயந்திரம் செய்தார். இயந்திரம் என்றால் சக்கரமும் சங்கிலியும் கொண்டதில்லை, ஒரு புரோகிராம். அதன் பெயர் ஐமியூஸ். அது முதன்முதலாக வேலை செய்த விளையாட்டு இதுதான்.

அது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால், அந்தக் காலத்தில் கணினிக்குள் இசையை எப்படி வைத்திருந்தார்கள் என்று தெரிய வேண்டும். விளையாட்டுகள் அப்போது ஃப்ளாப்பி டிஸ்க்கில் வரும். உங்களில் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். சட்டைப் பையில் வைக்கக்கூடிய சதுர பிளாஸ்டிக் தகடு. ஒன்றில் 14,74,560 பைட் கொள்ளும். ஆடியோ சிடியின் தரத்தில் ஒரு நொடி இசைக்கு எவ்வளவு இடம் வேண்டும்? நொடிக்கு 44,100 முறை ஒலியை அளக்கிறார்கள். ஒவ்வோர் அளவுக்கும் 2 பைட். இடது காது, வலது காது என்று இரண்டு தடம். பெருக்கினால் 1,76,400 பைட். இப்போது வகுத்துப் பாருங்கள். ஒரு முழு ஃப்ளாப்பியில் எட்டு நொடிப் பாட்டுதான் அடங்கும்! ஒன்பதாவது நொடிக்கு அடுத்த ஃப்ளாப்பியைத் தேட வேண்டும்.

அதனால் ஒலியைப் பதிவு செய்து வைக்கும் எண்ணத்தையே விட்டுவிட்டு, எதை வாசிக்க வேண்டும் என்ற கட்டளைகளை மட்டும் எழுதி வைத்தார்கள். இதற்கு 1983 முதல் ஒரு பொது மொழி இருக்கிறது, மிடி என்று பெயர். அதில் ஒரு கட்டளை இப்படி இருக்கும்: 144, 60, 100. மூன்றே எண்கள். 144 என்றால் முதல் தடத்தில் ஒரு சுரத்தைத் தொடங்கு. 60 என்றால் பியானோவின் நடுவில் இருக்கும் ‘சி’ கட்டை. 100 என்றால் இவ்வளவு அழுத்தமாக. நிறுத்துவதற்கு 128, 60, 0. ஆக ஒரு சுரத்துக்கு 6 பைட், எப்போது வாசிப்பது என்ற குறிப்புக்குக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்தாயிரம் சுரம் கொண்ட பெரிய பாட்டுகூட ஃப்ளாப்பியின் ஒரு மூலையில் ஒதுங்கிக்கொள்ளும்.

கட்டளையைப் படித்து ஒலி எழுப்புவது கணினியில் செருகியிருக்கும் ஒலி அட்டையின் வேலை. அந்தக் காலத்தில் ஆட்லிப் என்ற மலிவான அட்டை இருந்தது. ரோலண்ட் என்ற விலை உயர்ந்த கருவியும் இருந்தது. இரண்டும் வாசித்தது ஒரே மெட்டைத்தான், ஆனால் பக்கத்து வீட்டுப் பையனின் கணினியில் அது அருமையாகவும் நம் கணினியில் கொசு பாடுவதுபோலவும் கேட்கும்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் வருகிறது. இசையைக் கட்டளைகளாக எழுதியது இடம் போதாததால்தான். ஆனால் கட்டளைகளாக இருப்பதால்தான் அதை ஓடும்போதே மாற்ற முடிந்தது. பதிவு செய்த ஒலியில் புல்லாங்குழலை மட்டும் நிறுத்து என்றால் அப்போது நடக்காது. எல்லாம் ஒன்றாகக் கலந்திருக்கும். மிடியில் புல்லாங்குழல் மூன்றாம் தடம் என்றால் மூன்றாம் தடத்தை வாசிக்காதே என்று சொன்னால் போதும். வேகத்தைக் கூட்டலாம், சுருதியை ஏற்றலாம், ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவலாம்.

அந்தத் தாவலைத்தான் லேண்டும் மெக்கானலும் அழகாகச் செய்தார்கள். மெட்டுக்கு நடுவே, காதுக்குத் தெரியாத அடையாளங்களைப் பதித்து வைத்தார்கள். ‘இந்த இடத்தில் தாவலாம்’ என்பதற்கான குறி. நீங்கள் கதவைக் கிளிக் செய்தவுடன் விளையாட்டு ஐமியூஸிடம் ‘ஆள் மதுக்கடைக்குள் போய்விட்டான்’ என்று ஒரு சேதி விட்டுவைக்கும். ஐமியூஸ் பதறாது. வாசிப்பைத் தொடரும். அடுத்த குறி வந்ததும், ஏதாவது சேதி இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் மேலே போகும். இருந்தால் அங்கிருந்து கடை மெட்டுக்குத் தாவும். மெட்டின் எந்த இடத்திலிருந்து தாவுகிறதோ அதற்கேற்ப வேறு வேறு இணைப்புத் துண்டுகளை இசையமைப்பாளர்களே எழுதி வைத்திருந்தார்கள்.

காத்திருந்தால் தாமதமாகாதா? ஒரு சின்னக் கணக்கு. நிமிடத்துக்கு 120 தட்டு என்ற வேகத்தில் பாட்டு ஓடுகிறது, நான்கு தட்டுக்கு ஒரு குறி என்று வைத்துக்கொள்வோம். ஒரு தட்டு அரை நொடி. நான்கு தட்டு இரண்டு நொடி. அதிகபட்சக் காத்திருப்பே அவ்வளவுதான். கைபிரஷ் கதவைத் தாண்டி இரண்டு அடி வைப்பதற்குள் இசை வந்து சேர்ந்துவிடும். இந்த முறைக்கு லூகாஸ்ஆர்ட்ஸ் 1994இல் காப்புரிமை பெற்றது. பிறகு அவர்களுடைய விண்வெளிப் போர் விளையாட்டுகளிலும் இதே ஐமியூஸ்தான் எதிரிக் கப்பல் வரும்போதெல்லாம் இசையை மாற்றியது. இன்று நீங்கள் விளையாடும் விளையாட்டுகளில் ஆபத்து நெருங்க நெருங்க இசை தடதடக்கிறதே, அது கிட்டத்தட்ட இதே யோசனைதான்.

சரி, இசையை விட்டு லார்கோவிடம் வருவோம். பணத்தைப் பிடுங்கியவனைச் சும்மா விடலாமா?

சதுப்பு நிலத்தில் வூடூ மந்திரக்காரி ஒருத்தி இருக்கிறாள். லார்கோவைப் போலவே ஒரு பொம்மை செய்து ஊசியால் குத்தினால் அவனுக்கு வலிக்கும் என்கிறாள். (வூடூ என்பது ஹெய்ட்டி முதலான இடங்களில் மக்கள் உண்மையாகவே பின்பற்றும் சமயம். ஊசி குத்தும் பொம்மையெல்லாம் சினிமாவும் கதைகளும் கட்டிவிட்டது.) பொம்மைக்கு நான்கு பொருள் வேண்டும்: லார்கோவின் தலையிலிருந்து ஒன்று, உடலிலிருந்து ஒன்று, உடையிலிருந்து ஒன்று, செத்துப்போன அவன் முன்னோரிடமிருந்து ஒன்று.

தலைக்கு அவன் அறையில் இருக்கும் டோப்பா. உடலுக்கு அவன் மதுக்கடைச் சுவரில் துப்பிய எச்சில். ஒரு காகிதத்தால் துடைத்து எடுக்க வேண்டும், சே! முன்னோருக்குக் கல்லறையைத் தோண்டி எலும்பு. உடைதான் கொஞ்சம் சிக்கல், ஏனென்றால் அவன் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டே திரிகிறான். என்ன செய்வது? ஊரில் கிடைக்கும் வாளியை எடுத்துக்கொண்டு சதுப்பு நிலத்துக்குப் போய்ச் சேற்றை நிரப்ப வேண்டும். லார்கோ அறையின் கதவைச் சாத்தி, அதன்மேல் வாளியை வைக்க வேண்டும். அவன் வந்து கதவைத் தள்ளுகிறான், தலையிலிருந்து கால்வரை சேறு. திட்டிக்கொண்டே துணிகளைச் சலவைக்குப் போடுகிறான். சலவைச் சீட்டு? அறைக்குத் திரும்பிக் கதவைச் சாத்திப் பாருங்கள், கதவின் பின்பக்கம் தொங்குகிறது. சீட்டைக் கொடுத்தால் சலவைக்காரர் துணியைத் தந்துவிடுவார். என்ன துணி வருகிறது என்று நான் சொல்ல மாட்டேன். லார்கோ அதைப் போட்டிருப்பான் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள்.

கணினிக்கு இந்தக் குறும்பு எதுவும் புரியாது. அதற்குத் தெரிந்தது சில கேள்விகள்தான். கதவு சாத்தியிருக்கிறதா? கையில் வாளி இருக்கிறதா? வாளியில் சேறு இருக்கிறதா? ஒவ்வொன்றுக்கும் விடை 1 அல்லது 0. மூன்றும் 1 என்றால் வாளி கதவின்மேல் ஏறும். ஒன்று 0 ஆனாலும் ஏறாது. விளையாட்டு முழுவதும் இப்படிப்பட்ட சின்னச் சின்ன ஆம்-இல்லைகளால் நிறைந்தது.

அதற்காக ரான் கில்பர்ட்டும் கூட்டாளிகளும் ‘ஸ்கம்’ என்ற எழுதுகருவியை வைத்திருந்தார்கள். 1987இல் வந்த ‘மேனியாக் மேன்ஷன்’ என்ற விளையாட்டுக்காக உருவாக்கியது. கதையை எழுதுகிறவர்கள் கணினியின் உள்ளுறுப்புகளோடு மல்லுக்கட்ட வேண்டாம். ‘இந்தக் கதவைத் திறந்தால் இது நடக்கட்டும், இவனோடு பேசினால் இதைச் சொல்லட்டும்’ என்று எளிய கட்டளைகளாக எழுதினால் போதும். ஸ்கம் அதைச் சுருக்கக் குறியீடுகளாக மாற்றிக்கொள்ளும். ஒவ்வொரு வகைக் கணினியிலும் அந்தக் குறியீடுகளைப் படித்து நடத்துகிற இன்னொரு புரோகிராம் இருக்கும். கணினி மாறினால் அந்தப் படிப்பாளியை மட்டும் மாற்றி எழுதினால் ஆயிற்று, கதையைத் தொட வேண்டியதில்லை.

திரையின் அடியில் ஒன்பது வினைச்சொற்கள் இருக்கும். கொடு, திற, மூடு, எடு, பார், பேசு, பயன்படுத்து, தள்ளு, இழு. ஒன்பதுதானே என்று நினைக்காதீர்கள். கைபிரஷின் பைக்குள் 20 பொருள் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றை இன்னொன்றோடு ‘பயன்படுத்து’ என்று சோடி சேர்த்தால் எத்தனை சோடி? இருபதைப் பத்தொன்பதால் பெருக்கி இரண்டால் வகுத்தால் 190. இதில் சரியான சோடி ஐந்தோ ஆறோ இருக்கலாம். மற்ற எல்லாமே தப்பு. விளையாடுகிறவர் பெரும்பாலான நேரம் தப்பைத்தான் செய்துகொண்டிருப்பார்! எல்லாத் தப்புக்கும் தனித்தனிப் பதில் எழுத முடியாது. அதனால் பொதுவாக ஒரு பதிலும், ஆட்கள் எங்கே தப்பு செய்வார்கள் என்று எதிர்பார்க்க முடியுமோ அங்கே மட்டும் தனியாக ஒரு நக்கலும் வைக்கிறார்கள். தோற்றவரையும் சிரிக்க வைக்கிற இந்த வேலை, புதிரைக் கண்டுபிடிப்பதைவிடக் கடினம் என்பது என் கட்சி.

இன்னொரு நல்ல பழக்கமும் இந்த விளையாட்டுக்கு உண்டு. அந்தக் காலத்துச் சாகச விளையாட்டுகளில் ஒரு கதவைத் தப்பாகத் திறந்தாலே ஆள் செத்துப்போவான். அல்லது, முதல் அறையில் ஒரு சாவியை எடுக்க மறந்துவிட்டு பத்து மணி நேரம் விளையாடிய பிறகு, இனி முடிக்கவே முடியாது என்று தெரியவரும். இது விளையாடுகிறவரை ஏமாற்றுகிற வேலை என்று 1989இலேயே கட்டுரை எழுதியவர் கில்பர்ட். எனவே இங்கே முட்டுச்சந்து கிடையாது, சாவும் கிடையாது. ஓர் இடத்தில் மட்டும் லெச்சக் நம் ஆளைக் கட்டி அமிலத் தொட்டிக்கு மேலே தொங்கவிடுகிறான். நேரத்தை வீணாக்கினால் உள்ளே விழுந்தே விடுவான். உடனே காட்சி மாறும். இந்தக் கதை முழுவதையும் கைபிரஷ் பிறகொரு நாள் எலெய்ன் என்ற பெண்ணுக்குக் கயிற்றில் தொங்கிக்கொண்டே சொல்லிக்கொண்டிருக்கிறான். நீ அங்கேயே செத்திருந்தால் இப்போது எப்படி என்னிடம் பேசிக்கொண்டிருக்கிறாய் என்று அவள் மடக்குகிறாள். அவன் அசடு வழிந்துகொண்டு கதையைத் திருத்திச் சொல்ல, நாம் மறுபடியும் அமிலத்துக்கு மேலே!

பொம்மைக்கான நான்கு பொருளையும் எந்த வரிசையிலும் சேர்க்கலாம் என்பதைக் கவனித்தீர்களா? எலும்பு கிடைக்கவில்லையா, டோப்பாவைப் போய்ப் பார்க்கலாம். இதை முன்கூட்டியே திட்டமிட கில்பர்ட் ஒரு வரைபடம் போடுவார். முடிவிலிருந்து தொடங்குவார். பொம்மை வேண்டும், அதற்கு உடை வேண்டும், அதற்குச் சலவைச் சீட்டு வேண்டும், அதற்கு லார்கோ சேற்றில் நனைய வேண்டும், அதற்கு வாளியும் சேறும் வேண்டும். எதற்கு எது முன்னால் என்று அம்புக்குறிகளால் இணைப்பது. கணிதத்தில் இப்படிப்பட்ட படங்களைப் பற்றிய தனிப் பாடமே உண்டு. பாலம் கட்டுகிற பொறியாளர்களும் இதே மாதிரிப் படம் போட்டுத்தான் எந்த வேலையை முதலில் முடிப்பது என்று பார்க்கிறார்கள். புதிதாக விளையாடுகிறவர்களுக்காக இதே கதையை எளிமையாகவும் கொடுத்திருந்தார்கள். கதை அப்படியே இருக்கும். வரைபடத்தில் சில கிளைகளை மட்டும் வெட்டியிருப்பார்கள்.

இதே கதையில் வரும் பூட்டி என்ற இன்னொரு தீவில் நடக்கும் துப்பல் போட்டியைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் என்னை மன்னிக்க மாட்டீர்கள். ஆமாம், யார் அதிக தூரம் எச்சில் துப்புகிறார் என்று போட்டி! சும்மா துப்பினால் நம் ஆள் தோற்றுப்போவான். ஜெயிக்க அவனுக்கு அறிவியல் தேவைப்படுகிறது. (கொஞ்சம் மோசடியும், கொடிகளை நகர்த்துகிற வேலையை நீங்களே கண்டுபிடியுங்கள்.) மஞ்சள் பானத்தையும் நீலப் பானத்தையும் கலந்தால் பச்சைப் பானம் வரும். அதைக் குடித்தால் எச்சில் கெட்டியாகும். அப்புறம், வேடிக்கை பார்க்கும் ஒரு பெண்ணின் கழுத்துத் துணியையே பார்த்துக்கொண்டிருந்து, அது காற்றில் படபடக்கும் நேரத்தில் துப்ப வேண்டும்.

இது எச்சில் விஷயம் என்றாலும் யோசனை சரியானது. தண்ணீராக இருக்கும் திரவம் காற்றில் பாயும்போது சிறு துளிகளாக உடைந்துவிடும். துளி சிறிதானால் காற்று அதைச் சுலபமாக மறித்துவிடும். ஏன்? ஒரு துளியின் குறுக்களவைப் பாதியாக்கினால் அதன் மேற்பரப்பு நாலில் ஒரு பங்காகும். எடையோ எட்டில் ஒரு பங்காகிவிடும். அதாவது எடை குறைந்த அளவுக்குக் காற்றோடு உரசும் பரப்பு குறையவில்லை. கெட்டியான திரவம் அவ்வளவு எளிதாக உடையாது. ஒரே உருண்டையாகப் போகும். காற்றும் பின்னாலிருந்து வீசினால் தடை இன்னும் குறையும். தெருவில் துப்பிச் சோதிக்க வேண்டாம்! குழாயை மெல்லத் திறந்து நூல் மாதிரி தண்ணீர் விடுங்கள். மேலே நூலாக இருப்பது கீழே போகப் போகத் துளித் துளியாக உடையும். பிறகு கரண்டியிலிருந்து தேனை ஒழுக விடுங்கள். அது உடையாமல் இழையாகவே இறங்கும்.

மஞ்சளும் நீலமும் சேர்ந்து பச்சை ஆவது வண்ணப் பெட்டி வைத்திருக்கும் எல்லாருக்கும் தெரியும். மஞ்சள் சாயம் நீல ஒளியை விழுங்கும், நீலச் சாயம் சிவப்பு ஒளியை விழுங்கும், மிச்சம் இருப்பது பச்சை. ஆனால் அந்த மஞ்சள் பானத்தைத் திரையில் காட்டும் கணினிக்கு மஞ்சள் ஒளியே கிடையாது. அது சிவப்புப் புள்ளியையும் பச்சைப் புள்ளியையும் சேர்த்து எரியவிட்டு நம் கண்ணை நம்ப வைக்கிறது. செல்பேசித் திரையில் மஞ்சள் படத்தை வைத்து, விரல் நுனியால் மிகச் சிறிய தண்ணீர்த் துளி ஒன்றை அதன்மேல் வையுங்கள். துளி ஒரு லென்ஸாகி உள்ளே இருக்கும் சிவப்பு, பச்சைப் புள்ளிகளைப் பெரிதாக்கிக் காட்டும். பெரியவர்களிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது.

படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்டீவ் பர்செல், பீட்டர் சான் ஆகிய ஓவியர்கள் இந்தத் தீவுகளைக் காகிதத்தில் கையால் வரைந்து வண்ணம் தீட்டினார்கள். அவற்றை ஸ்கேன் செய்து கணினிக்குள் ஏற்றினார்கள். அன்றைய திரை அகலத்தில் 320, உயரத்தில் 200, ஆக மொத்தம் 64,000 புள்ளிகள்தான். 2,62,144 நிறங்களிலிருந்து ஒரு நேரத்தில் 256ஐ மட்டுமே எடுத்துக்கொள்ளலாம். ஒரு படத்தை அப்படியே வைத்தால் ஒரு ஃப்ளாப்பியில் 23 படம்தான் அடங்கும் என்பதால் எல்லாவற்றையும் சுருக்கி அடைத்தார்கள். அப்படியும் அமிகா என்ற கணினிக்கான பதிப்பு 11 ஃப்ளாப்பிகளில் வந்தது. விளையாடுகிறவர் மாற்றி மாற்றிச் செருகிக்கொண்டிருக்க வேண்டும். இந்த எரிச்சலையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. முதல் பாகத்தில் காட்டில் ஒரு மரக்கட்டையைக் கிளிக் செய்தால், இல்லவே இல்லாத 22ஆவது ஃப்ளாப்பியைச் செருகச் சொல்லும்! உண்மையென்று நம்பி நிறுவனத்துக்குத் தொலைபேசியில் கேட்டவர்களும் உண்டு. இரண்டாம் பாகத்தில் நடுக்காட்டில் ஒரு தொலைபேசி வரும். அதில் கைபிரஷே அந்த நிறுவனத்தை அழைத்து அந்த மரக்கட்டையைப் பற்றிப் புலம்பலாம்.

இன்றைக்கு ஃப்ளாப்பியும் இல்லை, அந்தக் கணினிகளும் இல்லை. ஆனால் கதையும் அதைப் படிக்கும் புரோகிராமும் தனித்தனியாக இருந்தன என்று சொன்னேன் அல்லவா? 2001இல் ஆர்வலர்கள் சிலர், அந்தப் பழைய குறியீடுகளைப் படிக்கக்கூடிய ஒரு புதுப் படிப்பாளியை எழுதத் தொடங்கினார்கள். ஸ்கம்விஎம் என்று பெயர். அதை வைத்து 1991இன் கோப்புகள் இன்றைய கணினியிலும் செல்பேசியிலும் ஓடுகின்றன. 2010இல் இதே விளையாட்டு புதிய படங்களோடும் குரல்களோடும் மறுபடி வந்தது. அதில் ஒரு பொத்தானை அழுத்தினால் புதுப் படம் மறைந்து பழைய படம் தோன்றும். கில்பர்ட்டும் கிராஸ்மனும் 2022இல் ‘ரிட்டர்ன் டு மங்கி ஐலேண்ட்’ என்று மீண்டும் ஒரு பாகம் எழுதினார்கள். இரண்டாம் பாகம் எந்த இடத்தில் முடிந்ததோ அந்த இடத்திலிருந்தே அது தொடங்குகிறது. அது எந்த இடம் என்று என்னிடம் கேட்காதீர்கள், அந்த முடிவைச் சொல்லிக் கெடுத்தால் பாவம்.

விளையாட்டு கைவசம் இல்லாவிட்டாலும் ஒரு வேலை செய்யலாம். ஒரு பெரிய தாளை எடுத்து, அடியில் உங்கள் கதையின் முடிவை எழுதுங்கள். தலைமையாசிரியர் அறையில் பூட்டி வைத்திருக்கும் கிரிக்கெட் பந்தை மீட்பது என்றே வைத்துக்கொள்ளுங்களேன். அதற்கு முன்னால் எது நடக்க வேண்டும், அதற்கும் முன்னால் எது என்று மேல்நோக்கி அம்புக்குறி போட்டுக்கொண்டே போங்கள். ஒரே கோடாகப் போகாமல் மூன்று நான்கு கிளையாவது பிரியட்டும். முடித்ததும் நண்பரிடம் கொடுத்து விளையாடச் சொல்லுங்கள். அவர் செய்யும் தப்புக்கெல்லாம் ஒரு நக்கல் பதிலும் தயாராக வைத்திருங்கள். பேனா வேண்டாம், பென்சிலால் வரையுங்கள். நிறைய அழிக்க வேண்டியிருக்கும்.